கெல்டர்ஷா சலவைக்கூடமும் எங்கள் டவுன்ஹாலும்

காலை ஏழு மணி ஐம்பத்தைந்து நிமிடம். மலாயாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவார் ஆற்றோரத்தில், சாலைகளையும் கட்டடங்களையும் கவனிக்கும் அரசாங்க ஆபீஸில் நான் பதிவறைக் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாள். வாசலில் நான் முதலில் பார்த்தது இரண்டு வாளித் தண்ணீர். அடுத்துப் பார்த்தது, அவற்றுக்கு நடுவே, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில், இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி கைகட்டி நின்ற ஒரு நெட்டை மனிதர்.

"தீ ஏதும் பிடிச்சிருச்சாங்க?" என்று கேட்டேன்.

"ஓம். டவுன்ஹாலிலை."

"மூவார்ல டவுன்ஹால் கிடையாதுங்களே."

"இஞ்சை இல்லைக் காணும். கெல்டர்ஷாவிலை. இங்கிலாந்து."

"ஐயையோ. எப்ப?"

"நான் பிறக்கிறதுக்கு நாலு வருஷம் முந்தி, இதே நாள்."

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் தலையை அசைத்தார். மலாய்க்காரப் பியூன் மாட் இரண்டு வாளிகளையும் தூக்கிப் போய்ச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினான். "அணைஞ்சு போச்சு," என்றார் அந்த மனிதர். உள்ளே போய் உயர்ந்த முக்காலியில் ஏறி உட்கார்ந்து பென்சில் சீவ ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் ஆபீஸ் நடந்தது.

இங்கிலாந்தில் ஒரு தடவைகூடக் கால் வைக்காமல், அங்கே ஒரு ஊரில் கண்ணைக் கட்டி விட்டாலும் தபாலாபீஸிலிருந்து பிணவறை வரை எங்கேயும் முட்டாமல் நடக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஆபீஸில் பிளான் வரைபவராக இருந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பள நாள் தவிர வேறு எப்போதும் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. மூவாருக்கு அவர் டவுன்ஹால். "டவுன்ஹால் இன்னும் சாப்பிட வரேல்லை, என்னெண்டு பார்," என்று அவருடைய மனைவியே மாட்டிடம் சொல்லி அனுப்பியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

கதை பெரிய யுத்தம் தொடங்கிய வருடத்தில் ஆரம்பிக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்து, படங்களைப் பார்த்து நகலெடுக்கும் வேலையில் அவர் சேர்ந்திருந்த சமயம். இங்கிலாந்திலிருந்து சாக்கடைக் குழாய்கள் ஒரு பெரிய மரப்பெட்டியில் வந்தன. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் குழாய்கள். குழாய்கள் ஆடாமல் இருக்க நடுவே ஒரு தடித்த புத்தகம் செருகியிருந்தது: கெல்டர்ஷா என்ற ஆலை நகரத்தின் பொதுக் கட்டடங்களுடைய வரலாறு. அந்த ஊர் நகரசபையின் பழைய சர்வேயர் எழுதியது. குழாய்களில் பாதி உடைந்து போயிருந்தன. புத்தகத்துக்கு ஒரு கீறல் இல்லை. குழாய்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார்கள். புத்தகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் சேர்ந்தபோது அவர் அதைப் பதினேழாவது தடவை படித்துக்கொண்டிருந்தார். தகரப் பெட்டியில், கற்பூரம் போட்டு, பெட்டியை ஒரு முக்காலிமேல் ஏற்றி, முக்காலிக் கால்களை மண்ணெண்ணெய்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார். ஆபீஸின் மற்ற ஆவணங்களை எல்லாம் கறையான் தின்றுகொண்டிருந்தது.

புத்தகத்தில் இல்லாத கெல்டர்ஷா அவருக்குக் கிடையாது. அங்கே மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள், என்ன சாப்பிடுவார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் இலவச நூலகத்துக்கு எத்தனை படி, தானியச் சந்தையின் கூரை எத்தனை வருடம் ஒழுகியது, டவுன்ஹால் தூண்கள் ஆலைப் புகையில் எந்தப் பக்கம் முதலில் கறுத்தன, எல்லாம் தெரியும். ஒரு நாள் ஸ்டோர்கீப்பர் முனுசாமி பேச்சுவாக்கில் நூலகத்துக்குப் பதினாலு படி என்று சொல்லிவிட்டார். டவுன்ஹால் அப்போது ஏதோ யோசனையில் இருந்தார். மாலையில் வீட்டுக்குப் போய், சோற்றில் கை வைத்தவர், எழுந்து கை கழுவி, அரை மைல் நடந்து முனுசாமியின் வீட்டுக்கு வந்தார்.

"பதின்மூண்டு," என்றார். திரும்பிப் போனார்.

"நீங்க வேற, ஒரு படி கூடக் கொறைய இருந்தா யாருலா விழுந்து சாகப் போறாங்க?" என்று முனுசாமி பின்னாலேயே கத்தினார்.

இந்த முனுசாமி, பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் குடிசையில் பிறந்து, படித்து, சிமெண்டு மூட்டைகளுக்கும் ஆணிகளுக்கும் அதிபதியாக உயர்ந்தவர். டவுன்ஹாலைக் கேலி செய்வதற்கென்றே கெல்டர்ஷாவைக் கற்றுக்கொண்டவர். கற்றுக்கொண்டது வினையாகிவிட்டது. நூலகத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் கட்டுவதா, மேட்டுத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் கட்டுவதா என்று கெல்டர்ஷா நகரசபை மூன்று வருடம் சண்டை போட்டதாம். அந்த அத்தியாயத்தை டவுன்ஹால் ஒரு மத்தியானம் ஆபீஸில் விளக்கினார். விளக்கி முடித்தபோது ஆபீஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"சந்தைப் பக்கந்தான் சரி! பொம்பளைங்க மீனு வாங்குன கையோட ஒரு புஸ்தகத்தையும் எடுத்துட்டுப் போலாம்லா!" என்றார் முனுசாமி.

"மீன் கையாலை புத்தகத்தைத் தொடுறதோ?" என்று டவுன்ஹால் நடுங்கினார்.

ஸ்டோர் பக்கமும் படம் வரையும் பக்கமும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. சாலை வேலைக்கு ஆணி கேட்டுப் போன சீட்டு திரும்பி வந்தது. நூலகம் எழுபது வருடத்துக்கு முன்னால் மேட்டிலேயே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வேலையில் அவர் கெட்டிக்காரர். ஒரே குறை, கையில் எது கிடைத்தாலும் அது கொஞ்சம் கெல்டர்ஷா ஆகிவிடும். சிகாமட் போகும் சாலையில் ஒரு சின்ன மதகுக்குப் பிளான் கேட்டபோது, இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு தூண் வைத்து, மேலே சிங்கமுகம் வைத்துக் கொடுத்தார். அப்போதிருந்த எஞ்சினியர் சிவப்புப் பென்சிலால் அதன் ஓரத்தில் எழுதினார்: "இதில் குடியிருக்கப்போவது யார்?"

அந்த எஞ்சினியர் ஓய்வு பெற்றார். புதியவர் வருவதாகக் கடிதம் வந்தது. கூடவே அவருடைய சொந்த விவரங்கள் அடங்கிய கோப்பும் என் பதிவறைக்கு வந்தது. இனி நடந்ததற்கெல்லாம் காரணம் நான். அந்தக் கோப்பைத் திறந்து, அவசர காலத்தில் தகவல் சொல்ல வேண்டிய தாயாரின் விலாசத்தை நான்தான் படித்தேன். அதில் எழுதியிருந்தது: மேற்பார்வையாளர் வீடு, பொதுக் குளியல் மற்றும் சலவைக்கூடம், கெல்டர்ஷா.

கோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடியிருக்கக் கூடாது.

டவுன்ஹால் அந்த வரியை மூன்று தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்காவது தடவை படித்தார்.

"குவார்ட்டர்ஸ்!" என்றார். "குவார்ட்டர்ஸிலை பிறந்த பிள்ளை, காணும்! அதுவும் சலவைக்கூடத்துக் குவார்ட்டர்ஸ்! இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கொதிகலன் அறைக்கு மேலை மூண்டு அறை. ஒரு யன்னலாலை பார்த்தா நீச்சல் குளம் தெரியும். கெல்டர்ஷாவிலை அதைப்போலை ஒரு கட்டடம் இல்லை!"

இங்கே வாசகர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து மூவாரில் ஒரு மனிதனின் தகுதியை அளக்கக் குவார்ட்டர்ஸ் என்கிற அரசாங்க வீடு ஒன்றுதான் அளவுகோல். சம்பளம் யாருக்கும் தெரியாது. வீடு எல்லோருக்கும் தெரியும். எத்தனை அறை, தனிச் சமையலறை உண்டா, தாழ்வாரம் ஆற்றைப் பார்த்ததா என்று பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மேற்பார்வையாளர் என்ற பதவி, அரசாங்கக் கட்டடத்துக்குள்ளேயே வீடு, அதுவும் மாடியில் என்றால், எங்கள் கணக்கில் அது ராஜ வம்சத்துக்கு ஒரு படி கீழே.

இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டவுன்ஹால் நாவிதரிடம் சொன்னார். காப்பிக்கடைச் சீனரிடம் மலாயில் சொன்னார். படகுத்துறையில் மீன் கூறு போடுபவரிடம், மீன் வாங்காமலே நின்று சொன்னார். புதிய துரை குளியல்கூட மாளிகையில் பிறந்தவர் என்று மூவாரே பெருமைப்பட்டுக்கொண்டது.

துரை வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். நேர் வகிடு, இஸ்திரி மடிப்புக் குலையாத உடை, எண்ணி எண்ணிப் பேசும் பேச்சு. வெள்ளைக்காரர்களின் ஆற்றங்கரைக் கிளப்பில், தன் குடும்பத்துக்குப் பூங்கா ஓரத்தில் பெரிய வீடு என்று முதல் நாளே சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. மறுநாள் காலை ஆபீஸில் எங்களை வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்துகொண்டார். டவுன்ஹாலின் முறை வந்தது. நடந்தது இங்கிலீஷில், தமிழில் தருகிறேன்.

"சார், கொதிகலன் சத்தத்தில் சின்ன வயதில் தூக்கம் வருமா?"

துரை அவரைப் பார்த்தார். "என்ன?"

"உங்கள் வீட்டுக்கு நேர் கீழேதானே சார் கொதிகலன். பெண்கள் பக்கத்துக்குச் சோப்பும் துவாலையும் கொடுக்கிற பொறுப்பு மேற்பார்வையாளரின் மனைவிக்கு என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த அம்மாள் உங்கள் தாயார்தானே?"

துரையின் காது சிவந்தது. பிறகு கழுத்து. பிறகு முழுவதும்.

"இது இங்கே வேறு யாருக்குத் தெரியும்?"

"எல்லோருக்கும் சார்!" என்றார் டவுன்ஹால், முகமெல்லாம் சிரிப்பாக. "கிளப்பில் மட்டும்தான் பாக்கி. நான் வேண்டுமானால் நாளைக்கே போய்—"

"வேண்டாம்!" என்று துரை போட்ட சத்தத்தில் மாட் கையிலிருந்த தேநீர்த் தட்டைக் கீழே போட்டான்.

அன்று மாலை ஒரு மாற்றல் உத்தரவை டைப் அடிக்கச் சொல்லி எனக்குச் சீட்டு வந்தது. டவுன்ஹாலைக் கோத்தா திங்கிக்கு மாற்ற வேண்டும். வருடம் பிறந்ததும் அவர் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் டவுன்ஹாலுக்கு அது வேடிக்கை இல்லை. அவருடைய மகன் மூவார் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு முந்திய வகுப்பில் இருந்தான். கோத்தா திங்கியில் அப்போது அந்த வகுப்புகள் கிடையாது. விடுதியில் விட்டுப் படிக்க வைக்க அவரால் முடியாது. மாற்றல் வந்தால் பையனின் படிப்பு அதோடு நின்றுவிடும். அவன் குமாஸ்தா ஆகிறானா, சாலை போடுகிறவர்களை எண்ணும் கணக்கன் ஆகிறானா என்பது அந்த ஒரு தாளில் இருந்தது.

"ஏன் காணும்? நான் என்ன பிழை விட்டனான்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மூன்று நாள் புத்தகத்தோடு உட்கார்ந்தார். ஒரு தகவல் பிழை நேர்ந்திருக்கிறது, அதனால்தான் துரைக்குக் கோபம் என்று முடிவு செய்தார். நான்காம் நாள் உள்ளே போனார்.

"சார், மன்னிக்க வேண்டும். மூன்று அறை என்று சொல்லிவிட்டேன். கழுவும் தொட்டி இருக்கிற இடத்தையும் சேர்த்தால் நான்கு என்று சொல்லலாம்."

மாற்றல் தேதி புது வருடத்திலிருந்து அக்டோபருக்கு முன்னேறியது.

மறு வாரம் இன்னொரு மன்னிப்பு. "சார், உங்கள் ஜன்னல் குளத்தைப் பார்த்தது என்றேன். அது ஆண்களின் இரண்டாம் வகுப்புக் குளம். முதல் வகுப்புக் குளம் அந்தப் பக்கம்."

அக்டோபர், ஆகஸ்டு ஆனது.

"ஐயா, தயவு பண்ணி இனிமே மன்னிப்புக் கேக்காதீங்க," என்றேன். "இன்னொரு தடவ கேட்டா, போன மாசமே போயிருக்கணும்னு எழுதிடுவாரு."

முனுசாமிதான் ஒரு மத்தியானம் அவரை ஸ்டோருக்குள் அழைத்து, சிமெண்டு மூட்டைமேல் உட்கார வைத்தார். நானும் இருந்தேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். அந்தச் சலவைக்கூடத்துக்கு யாரு வருவாங்க?"

"ஆலைச் சனங்கள். வீட்டிலை குளிக்க வசதி இல்லாத ஆக்கள்."

"துணி தொவைக்கிறது?"

"அவையளேதான்."

"அவங்களுக்குச் சோப்பு எடுத்துக் குடுத்து, தண்ணி காய வெச்சு, தரையக் கழுவி விடுறது?"

டவுன்ஹால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கப்பா தோட்டத்துல லயத்துக் கக்கூஸ் கழுவுனாரு," என்றார் முனுசாமி. "இந்த ஆபீஸுக்கு வந்து பதினோரு வருசம் ஆச்சு. இன்னிக்குத்தான் வாயத் தொறந்து சொல்றேன். நானே சொல்லல. வெள்ளக்காரன் கிளப்புல போய்ச் சொல்லுவானா? அங்க பூங்கா ஓரத்துல பெரிய வீடுன்னுல்ல சொல்லி வெச்சிருக்காராம்."

"அது கெல்டர்ஷாவிலை ஆகச் சிறந்த கட்டடமல்லோ..."

"கட்டடம் சிறந்ததுதாங்க ஐயா. யாரு இல்லைன்னா?"

பிறகு முனுசாமி குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஒங்க கையில ஒரு ஆயுதம் இருக்குது. தொரகிட்டப் போயி, மாத்தல் வந்தா கிளப்புல சொல்லிருவேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. காயிதம் பறந்துடும்லா. பையன் படிப்பான்."

டவுன்ஹால் எழுந்து நின்றார். கோட்டில் ஒட்டிய சிமெண்டைத் தட்டினார்.

"கெல்டர்ஷாவைக் காட்டி ஒரு மனுசனை வெருட்டுறதோ?" என்றார். "என்ன கதை கதைக்கிறீர்?"

வெளியே போகும்போது என் மேசையில் நின்று, தாளில் பிசகிய மையைச் சுரண்டும் சின்னக் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை மாதக் கடைசியில் மூவாரில் புதிய சந்தைக் கட்டடத்தின் திறப்பு விழா. பகல் மூன்று மணி. எங்கள் ஆபீஸ் கட்டியது. பந்தல், வண்ணக் காகிதம், தேநீர், கேக்கு. மலாய்ப் பிரமுகர்கள், சீனக் குத்தகைக்காரர்கள், கிளப்பு வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆபீஸ் ஊழியர்கள் நாங்கள் ஓரத்தில் நின்றோம். டவுன்ஹாலின் மாற்றலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. துரையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அங்கே வந்தார் குண்டுத் துரை. சிகாமட் பக்கத்தில் ஒரு பெரிய ரப்பர் தோட்டத்தின் மேனேஜர். அவருக்கு இரண்டு விஷயங்கள் இருந்தன: தலைநகர் ஜொகூர் பாருவில் மேலிடத்துச் செல்வாக்கு; இளைய எஞ்சினியரைக் கண்டால் ஒரு எரிச்சல். சந்தைப் பேச்சு அவருடைய சமையற்காரன் வழியாக அவர் காதுக்கும் போயிருந்தது. கேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் கேட்கட்டும் என்று உரக்கக் கேட்டார்:

"அந்தப் புத்தகம் வைத்திருக்கிற ஆள் யார்? கெல்டர்ஷா நிபுணர்?"

எல்லோரும் டவுன்ஹாலைப் பார்த்தார்கள். அவர் இரண்டு அடி முன்னால் வந்தார்.

"உன்னைக் கோத்தா திங்கிக்கு அனுப்புகிறார்களாமே?"

"ஆமாம் சார்."

"உண்மை பேசுகிற மனிதனை எங்கேயும் அனுப்ப விட மாட்டேன். மேலே ஒரு வார்த்தை சொன்னால் போதும்." கேக்கை ஒரு கடி கடித்தார். "இப்போது சொல். கெல்டர்ஷா சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளனுக்கு வீடு இருந்ததா? எங்கே இருந்தது?"

பந்தலில் பேச்சு நின்றது. எங்கள் துரை கையில் ஒரு கோப்பை இருந்தது; அது தட்டில் மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. அந்த ஒரு சத்தம்தான் கேட்டது. கெல்டர்ஷா விஷயத்தில் டவுன்ஹால் ஒரு படிகூடக் கூட்டிச் சொல்ல மாட்டார் என்று அங்கே இருந்த காக்கைக்குக்கூடத் தெரியும். முனுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டவுன்ஹால் தொண்டையைச் செருமினார்.

"சலவைக்கூடத்தில் வீடு கிடையாது சார்," என்றார். "மேற்பார்வையாளர் வீடு மேட்டில், பூங்காவுக்குப் பக்கத்தில். தனி வீடு. பதினோரு அறை."

"பதினோரு அறையா?"

"வேலைக்காரர் அறைகளைச் சேர்க்காமல்." அவருடைய நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனால் ஆரம்பித்துவிட்டார், நிறுத்தத் தெரியவில்லை. "முன்னால் புல்வெளி. குதிரை லாயம். இரண்டு தோட்டக்காரர்கள். அந்தக் குடும்பத்தினர் சலவைக்கூடத்தை வருடத்துக்கு ஒரு தடவை பார்வையிட வருவார்கள் சார். வண்டியில்."

குண்டுத் துரை கேக்கைக் கீழே வைத்தார். "அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா."

மாட் ஓடினான். ஆபீஸ் அங்கிருந்து நூறு கெஜம். தகரப் பெட்டியோடு திரும்பி வந்தான். பதினெட்டு வருடத்தில் அந்தப் பெட்டி முக்காலியை விட்டு இறங்கி வெளியே வந்தது அன்றுதான். குண்டுத் துரை கனத்த விரல்களால் பக்கங்களைத் தள்ளினார். இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்துக்கு அடுத்த பக்கம் இருநூற்றுப் பதினைந்து.

"நடுப்பக்கங்கள் எங்கே?"

"கறையான் சார்."

குண்டுத் துரை புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தையலை ஒட்டி, தாள் சவரக் கத்தியால் எடுத்த மாதிரி நேராக வெட்டுப்பட்டிருந்தது.

"கறையான் இப்படிக் கோடு போட்ட மாதிரி நேராக வெட்டுமா?"

"மற்ற இடத்துக் கறையான் வெட்டாது சார்," என்றார் டவுன்ஹால். "இது படம் வரைகிற ஆபீஸ் கறையான். ரொம்ப வருட சர்வீஸ்."

முதலில் சிரித்தவர் விழாவைத் திறந்து வைத்த மலாய்ப் பிரமுகர். பிறகு சீனக் குத்தகைக்காரர்கள். பிறகு கிளப்புக்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு. குண்டுத் துரைக்குக் கடைசியாகத் தானும் சிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதற்கு மேல் அந்தக் கேள்வியை மூவாரில் யாரும் கேட்கவில்லை.

"அலமாக்! ஐயா, பதினோரு ரூமு எங்கேர்ந்து வந்திச்சி?" என்று மாட் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். எங்கள் ஆபீஸ் பியூன்கள் தமிழில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

டவுன்ஹால் என் மேசைக்கு வந்து கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பதினோரு அறை எண்டு சொல்லிப்போட்டன், காணும்," என்றார். "பதினோரு அறை!" அன்று அவர் சாப்பிடவில்லை என்று மறுநாள் அவருடைய மனைவி மாட்டிடம் சொன்னார்.

மறுநாள் காலை துரை தன் அறையை விட்டு வெளியே வந்தார். அவர் எங்கள் மேசைப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. டவுன்ஹால் முக்காலியிலிருந்து இறங்கி நின்றார்.

"இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் படம் இருந்ததா?" என்று துரை கேட்டார்.

"இருந்தது சார். கீழ்த்தளம், மாடி, இரண்டும்."

"இப்போது?"

"இல்லை சார். அடுப்பில் போட்டுவிட்டேன்."

துரை வெளியே ஆற்றைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்த பிறகு உங்களுக்கு வேலை இருக்கிறதா?"

"இல்லை சார்."

துரை உள்ளே போய்விட்டார்.

மாற்றல் உத்தரவு கையெழுத்தாகவில்லை. துரை அதைக் கேட்டு வாங்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை; என் பதிவறையிலேயே கிடந்தது. எட்டு நாள் கழிந்தது. ஆகஸ்டும் கழிந்தது. பையன் மூவாரிலேயே படித்தான். மறு வருடக் கடைசியில் பரீட்சை எழுதி, எல்லாப் பாடத்திலும் தேறி, சரித்திரத்தில் மட்டும் தோற்றான். "அவங்கப்பன் கெல்டர்ஷா கதைய நிறுத்துனாத்தானேலா, பாவம், எப்பப் படிப்பான்?" என்றார் முனுசாமி.

ஜொகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த ஆகஸ்டின் மூன்றாவது வியாழக்கிழமை குடையை மறந்துவிட்டு நான் திரும்பி வந்தேன். படம் வரையும் அறைக் கதவு திறந்திருந்தது.

பெரிய மேசையில் இரண்டு பேரும் குனிந்திருந்தார்கள். துரை கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். பென்சில் அவர் கையில். ஞாபகத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தார்.

"கொதிகலன் அறை, பத்தரை அடி," என்றார்.

"பதினொன்று சார்."

"நான் அங்கேயே வளர்ந்தவன்."

"பதினொன்று சார்."

துரை அழித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டார். படிக்கட்டு வந்தது. மாடியில் அறை ஒன்று, இரண்டு, மூன்று. அளவுகளை டவுன்ஹால் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போக, துரை எழுதிக்கொண்டே போனார். மூன்றாவது அறையின் மூலையில், ஜன்னலுக்குக் கீழே, துரை ஒரு சின்னச் செவ்வகம் போட்டார்.

டவுன்ஹால் அதைப் பார்த்தார். "இது புத்தகத்தில் இல்லை சார். என்ன அளவு?"

துரை சொன்னார். டவுன்ஹால் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, தன் சுத்தமான எழுத்தில் எழுதினார்: கட்டில், ஐந்தடிக்கு இரண்டடி.